புயலும் வெள்ளமும் வரும் முன்னே கிளினிக்கில் என்ன செய்து வைக்க வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

2015 டிசம்பரில் சென்னை, 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த டெல்டா, 2023 டிசம்பரில் தூத்துக்குடியும் நெல்லையும். மூன்று இடத்திலும் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, சாலை இல்லை, போனில் சிக்னல் இல்லை. அந்த நாட்களில் குடும்ப மருத்துவரின் சின்ன கிளினிக் எப்படி இயங்குவது என்று மருத்துவர்களும் நர்ஸுகளும் நோயாளிகளின் வீட்டாரும் கேட்டிருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே பதில்கள் கையில் இருக்கட்டும் என்று இந்த இதழில் தருகிறோம்.

கேள்வி: ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு கம்பவுண்டர், அவ்வளவுதான் எங்கள் கிளினிக். புயல் என்றால் ஷட்டரை இறக்கிவிட்டு நாலு நாள் கழித்துத் திறப்போம். அவசரம் என்றால் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. இதற்கு மேல் எங்களுக்குத் திட்டம் எதற்கு? – பொது மருத்துவர், வேளச்சேரி

நாலு நாள் மூடுவதால் சளி, காய்ச்சல்காரர்களுக்குப் பெரிய கேடு வந்துவிடாது. உங்களிடம் வருகிறவர்களில் இருபது, முப்பது பேருக்கு மட்டும் அந்த நாலு நாள் ஆபத்தானது. அவர்கள் யார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தெரியாது. ஆகவே திட்டத்தை ஜெனரேட்டரிலிருந்து தொடங்க வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, யாருடைய மருந்து எத்தனை நாள் தடைபட்டால் தாங்கும் என்ற கணக்கிலிருந்து தொடங்குங்கள்.

மணிக்கணக்கில் மட்டுமே தாங்கக்கூடியவர்கள் வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள். கரண்ட் போன நிமிடமே, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் மெஷின் நின்றுவிடும். ஒரு நாள், இரண்டு நாள் மட்டுமே தாங்குபவர்களில் முதலில் வருபவர்கள் டைப் 1 சர்க்கரை நோயாளிகள். இன்சுலின் இல்லாமல் ஒரு நாள் போனாலே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறத் தொடங்கும். வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள், மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டு வருபவர்கள், குளோனிடின், புரொப்ரனலால் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளை நம்பி இருப்பவர்கள் ஆகியோரும் இதே வரிசைதான். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து ஆள் மயங்கி விழலாம். வீட்டில் உள்ளவர்கள் பசி மயக்கம் என்று நினைத்து ஜூஸ் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

டயாலிசிஸ் செய்பவர்களைத் தனியாக எழுதுங்கள். வாரம் இரண்டு, மூன்று முறை போகிறவர்களுக்கு ஒரு முறை தவறினாலே நீரும் பொட்டாசியமும் உடம்பில் தேங்கும். புயல் எச்சரிக்கை வந்தவுடன் டயாலிசிஸ் மையத்துக்கு நீங்களே போன் செய்து, அடுத்த முறையை ஒரு நாள் முன்பே செய்துவிடச் சொல்லுங்கள். முகாம்களில் கொடுக்கும் வாழைப்பழமும் இளநீரும் மற்றவர்களுக்கு நல்லது, இவர்களுக்கு நஞ்சு; இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். இந்த ஒரு வரியை அவர்கள் கையில் இருக்கும் சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

36 வாரம் தாண்டிய கர்ப்பிணிகள், இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் ஆகாதவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், காசநோய் மருந்து எடுப்பவர்கள், நாய்க்கடி ஊசியில் பாதியில் நிற்பவர்கள் என்று பட்டியலை முடித்துக்கொள்ளலாம். நாய்க்கடிக்காரர்களுக்கு அடுத்த ஊசி தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரே வரி. பெயர், வயது, நோய், மருந்தின் மூலப்பெயரும் அளவும், கடைசியாக எத்தனை நாள் மருந்து வாங்கினார், இரண்டு போன் எண், வீட்டு அடையாளம். இரண்டாவது எண் வெளியூரில் இருக்கும் சொந்தக்காரருடையதாக இருக்க வேண்டும். ஊரில் டவர் விழுந்தால் உள்ளூர் எண்கள் எல்லாமே சேர்ந்து செத்துவிடும். கோயம்புத்தூரில் இருக்கும் மகளின் எண் மட்டும் வேலை செய்யும். பட்டியலை செப்டம்பரிலேயே எழுதி, மழைக்காலம் முடியும் வரை மாதம் ஒருமுறை திருத்துங்கள். இதில் நோயாளிகளின் அந்தரங்கம் இருப்பதால் பூட்டி வைக்க வேண்டும். வார்டு உறுப்பினரோ தன்னார்வலரோ கேட்டால் யாரை எங்கிருந்து மீட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள், என்ன நோய் என்பதை அல்ல.

அடுத்தது மருந்து இருப்பு. செப்டம்பர் கடைசியிலேயே இந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்குப் பதினைந்து நாள் மருந்து கூடுதலாக எழுதிக் கொடுங்கள். "கையில் எப்போதும் இரண்டு வாரம் இருக்கட்டும், பழைய அட்டையை முதலில் முடிக்கணும்" என்று வாயாலும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் புது அட்டையைப் பிரித்துவிட்டுப் பழையதைக் காலாவதி ஆக விடுவார்கள்.

கேள்வி: எங்கள் கிளினிக்கில் வீட்டு உபயோக ஃபிரிட்ஜில்தான் தடுப்பூசிகள் இருக்கின்றன. கரண்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்கும்? ஐஸ் பெட்டியில் போட்டு மூடி வைத்துவிட்டால் போதாதா? – குழந்தைகள் நல கிளினிக் நர்ஸ், கடலூர்

ஐஸோடு நேராகப் போட்டு மூடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. தடுப்பூசிக்கு வேண்டியது 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். வெப்பம் பட்டால் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்தால் கெடும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி பூஜ்யத்துக்குக் கீழே அரை டிகிரி போனாலே உறைந்துவிடும். பென்டாவேலன்ட், டிபிடி, டிடி, நியூமோகாக்கல், ஊசி வழிப் போலியோ எல்லாமே உறைந்தால் வீண். உறைந்து உருகிய மருந்து பார்க்கப் பழையபடியே இருக்கும். போட்டுவிடுவோம், குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி வராது. அதை யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது.

ஐஸ் பேக்கைப் பதப்படுத்துவது இப்படி. உப்பு சேர்க்காத தண்ணீரை அதில் உள்ள கோடு வரை ஊற்றி, குறைந்தது ஒரு முழு நாள் ஃப்ரீசரில் உறையவிட வேண்டும். எடுத்தவுடன் கேரியரில் (தடுப்பூசி எடுத்துச் செல்லும் குளிர்ப்பெட்டியில்) வைக்கக் கூடாது. மேசையில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி வையுங்கள். மேலே வெள்ளையாகப் பனி படர்ந்து, அது கரைந்து, பேக் முழுக்க வேர்த்து நீர் வழியும். காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஐஸ் கட்டி அசைந்து "சளக்" என்று தண்ணீர்ச் சத்தம் கேட்டால் தயார். வெயில் காலத்தில் இதற்கு அரை மணி போதும். மழை நாளில் ஒரு மணி நேரத்தையும் தாண்டும். கடிகாரத்தை நம்பாமல் சத்தத்தை நம்புங்கள். துடைத்துவிட்டு நான்கு பக்கமும் ஒவ்வொன்றாக நான்கு பேக் வைத்து, குப்பிகளை ஜிப் கவரில் போட்டு நடுவில் வைத்து மூடுங்கள். சாதாரணமாகக் கிடைக்கும் 1.7 லிட்டர் கேரியரில் பதினாறு முதல் இருபது குப்பி கொள்ளும். திறக்காமல் இருந்தால் ஒரு பகல் தாங்கும். ஒவ்வொரு குழந்தைக்கும் திறந்து மூடினால் அதில் பாதிகூட வராது.

இனி ஃபிரிட்ஜ். காலியாக இருக்கும் ஃபிரிட்ஜ் சீக்கிரம் சூடாகும். காய்கறித் தட்டை எடுத்துவிட்டு அந்த இடம் முழுக்கத் தண்ணீர் பாட்டில்களை அடுக்குங்கள். கதவிலும் பாட்டில்தான், மருந்து கூடாது. கதவுப் பக்கம்தான் ஃபிரிட்ஜிலேயே அதிகம் சூடாகும் இடம். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழே உள்ள தட்டு உறையும் இடம், அதிலும் வேண்டாம். நடுத்தட்டில், துளையுள்ள பிளாஸ்டிக் கூடையில், பின்சுவரைத் தொடாமல் வையுங்கள். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் காட்டும் தெர்மாமீட்டரின் உணர்முனை குப்பிகளுக்கு நடுவிலும், திரை வெளியிலும் இருக்க வேண்டும். அப்போதுதான் கதவைத் திறக்காமல் பார்க்க முடியும். காலை, மாலை இருவேளையும் எழுதி வையுங்கள்.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை உங்கள் ஃபிரிட்ஜைக் கேட்டுத்தான் சொல்ல முடியும். தடுப்பூசி இல்லாத ஒரு நாள், பாட்டில்களோடு, காலையில் சுவிட்சை அணைத்து, எத்தனை மணிக்கு 8 டிகிரியைத் தொடுகிறது என்று பார்த்து அந்த எண்ணைக் கதவில் ஒட்டுங்கள். கரண்ட் போனால் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே கேரியருக்கு மாற்ற வேண்டும். வேலைக்கு யார் இருந்தாலும், படித்தவுடன் புரியும்படி எழுதுங்கள்.

புயல் எச்சரிக்கை வானிலை மையத்திலிருந்து படிப்படியாக வருகிறது. சுமார் 72 மணி நேரத்துக்கு முன் கண்காணிப்புச் செய்தி வரும்போது ஐஸ் பேக்குகளை ஃப்ரீசரில் போடுங்கள். 48 மணி நேர எச்சரிக்கையில் புதிதாகத் தடுப்பூசி வாங்குவதை நிறுத்துங்கள். 24 மணி நேரம் இருக்கும்போது, ஜெனரேட்டர் உள்ள மருந்து மொத்த விற்பனையாளரிடமோ ஆஸ்பத்திரியிலோ இருப்பை ஒப்படைப்பதுதான் சிறந்த வழி. அவர்களிடம் முன்கூட்டியே பேசி, எத்தனை குப்பிக்கு இடம் தருவார்கள் என்று எழுதி வாங்கியிருக்க வேண்டும். கடைசி நேரத்தில் போனால் எல்லோருமே அங்கேதான் நிற்பார்கள்.

கேள்வி: ஃபிரிட்ஜ் அணைந்து கிடந்தது. அதில் இருந்த தடுப்பூசி நல்லதா, கெட்டதா என்று எப்படிப் பார்ப்பது? – மருந்தாளுநர், புதுச்சேரி

சில குப்பிகளில் வட்டத்துக்குள் சதுரம் போட்ட ஒரு குறி இருக்கும். சதுரம் வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டாலோ, அதைவிடக் கருத்துவிட்டாலோ தூக்கிப் போட வேண்டும். தனியார் சந்தையில் வாங்கும் பல தடுப்பூசிகளில் இந்தக் குறி இருப்பதில்லை. மேலும் அது வெப்பத்தை மட்டுமே காட்டும், உறைந்ததைக் காட்டாது.

உறைந்ததா என்ற சந்தேகத்துக்குக் குலுக்கிப் பார்க்கும் சோதனை உண்டு. அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே முழுக்க உறையவைத்து, உருகவிட்டு, சந்தேகக் குப்பியோடு சேர்த்துக் குலுக்கி, வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் அரை மணி வையுங்கள். உறைந்த குப்பியில் வண்டல் வேகமாகத் தங்கும். சந்தேகக் குப்பியும் அதே வேகத்தில் தங்கினால் அது போய்விட்டது. ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட், டிபிடி போன்ற அலுமினிய உப்பு சேர்ந்த தடுப்பூசிகளுக்கு மட்டுமே இது பொருந்தும். ஊசி வழிப் போலியோவுக்குப் பொருந்தாது. முடிவு தெரியும் வரை சந்தேகக் குப்பிகளைத் தனிப்பையில் "பயன்படுத்தாதே" என்று எழுதி, குளிரிலேயே வைத்திருங்கள். எத்தனை டிகிரியில் எத்தனை மணி நேரம் இருந்தது என்ற விவரத்தோடு தயாரிப்பு நிறுவனத்தைக் கேட்கலாம். அந்த விவரம் இல்லாமல் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

கேள்வி: 150 ஆம்பியர்-அவர் பேட்டரியோடு ஒரு இன்வெர்ட்டர் இருக்கிறது. நாள் முழுக்க ஓடும் என்று கடைக்காரர் சொன்னார். நாலு மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. ஏன்? – கிளினிக் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் மருத்துவரின் மனைவி, திருவாரூர்

12 வோல்ட்டை 150-ஆல் பெருக்கினால் 1800 வாட்-மணி. லெட்-ஆசிட் பேட்டரியை அடி வரை வடிக்கக் கூடாது. அறுபது சதவீதம் எடுத்தால் சுமார் 1080. இன்வெர்ட்டரில் ஏற்படும் இழப்பு போக 900 கிடைத்தால் அதிகம். இரண்டு பழைய சீலிங் ஃபேன் 140 வாட், நான்கு எல்இடி விளக்கு 40 வாட், இவை மட்டுமே ஐந்து மணி நேரத்தில் அதைத் தீர்த்துவிடும். நடுவில் நெபுலைசர் ஓடினால் இன்னும் குறையும்.

ஃபிரிட்ஜ் கணக்கு வேறு. ஆண்டுக்கு 200 யூனிட் என்று நட்சத்திர லேபிளில் போட்டிருந்தால் ஒரு நாளைக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல்தான். ஆனால் கம்ப்ரஸர் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஓடும் வாட்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். சின்ன இன்வெர்ட்டர் அந்த நொடியில் டிரிப் ஆகும். சதுர அலை இன்வெர்ட்டரில் கம்ப்ரஸர் உறுமும், சூடாகும், நாளடைவில் எரியும். மெயின் கரண்டைப் போலவே சீரான அலை தரும் சைன் வேவ் வகைதான் வேண்டும்.

எங்கள் யோசனை: ஃபிரிட்ஜுக்கென்று தனி சைன் வேவ் இன்வெர்ட்டரும் தனி பேட்டரியும். அதில் வேறெதையும் சொருகக் கூடாது என்று பிளக் பாயிண்டிலேயே எழுதி ஒட்டுங்கள். 150 ஆம்பியர்-அவர் பேட்டரி அப்போது ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். அதற்கு மேல் ஏன் தாங்காது என்றால், இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே இருபது வாட் அளவு தின்னும். கிளினிக்கில் பழைய ஃபேன்களை மாற்றி 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ளது) போட்டால் இருக்கும் பேட்டரியே ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் வரும். புது பேட்டரி வாங்குவதைவிட அது மலிவு.

பேட்டரியைத் தரையில் வைக்காதீர்கள். மூன்றடி உயர இரும்பு ஸ்டாண்டில், காற்றோட்டம் உள்ள இடத்தில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை மெயினை அணைத்து எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று எழுதுங்கள். டிஸ்டில்டு வாட்டர் அளவையும் பாருங்கள். ஸ்டெரிலைஸ் செய்யும் மின்சார ஆட்டோகிளேவை இன்வெர்ட்டரில் போட முடியாது. கேஸ் அடுப்பில் வைக்கும் குக்கர் வகை ஆட்டோகிளேவ் ஒன்று வைத்திருந்தால் 15 பவுண்ட் அழுத்தத்தில், 121 டிகிரியில், இருபது நிமிடத்தில் வேலை முடியும்.

சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்குவதாக இருந்தால் கட்டடத்துக்கு வெளியே, ஜன்னல்களிலிருந்து இருபதடி தள்ளி. மழை நனைக்கிறதே என்று வராந்தாவிலோ மாடிப்படிக்கு அடியிலோ வைத்தால் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது. முதலில் தலைவலி, வாந்தி என்று சொல்பவர்கள் உள்ளே காத்திருக்கும் நோயாளிகளாகத்தான் இருப்பார்கள்.

கேள்வி: அப்பாவுக்கு தினம் இரண்டு வேளை இன்சுலின். புயல் நேரத்தில் ஒரு வாரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் போனால் என்ன செய்வது? – வாசகர், வேதாரண்யம்

பயப்பட வேண்டாம். பயன்பாட்டில் உள்ள குப்பி அல்லது பேனா, 30 டிகிரிக்குள் இருந்தால் நான்கு வாரம் வரை பெரும்பாலும் கெடாது (துண்டுச் சீட்டில் உள்ள நாள் கணக்கையும் பாருங்கள்). திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதுங்கள். திறக்காத இருப்புக்கு மண்பானை போதும். பெரிய பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் தண்ணீர் புகாத டப்பாவில் இன்சுலின், மேலே ஈரத் துணி. மணல் காயாமல் காலை மாலை தண்ணீர் தெளியுங்கள். நிழலில், காற்று வரும் இடத்தில் இருக்க வேண்டும். ஐஸ் கட்டி மேல் வைக்காதீர்கள். உறைந்த இன்சுலினை எறிந்துவிட வேண்டும்.

தெளிவாக இருக்க வேண்டிய ரெகுலர் இன்சுலின் கலங்கினாலோ, பால் போல இருக்க வேண்டிய கலப்பு இன்சுலின் உருட்டிய பிறகும் திட்டுத் திட்டாக நின்றாலோ பயன்படுத்த வேண்டாம். சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள், மழைக்கால ஈரத்தில் தவறான எண் காட்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று. நம் ஊரில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லிக்கு 100 யூனிட். நிவாரணமாகவோ பக்கத்து வீட்டிலிருந்தோ கிடைத்த கார்ட்ரிட்ஜிலிருந்து, சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சில் உறிஞ்சிப் போட்டால், அளவு இரண்டரை மடங்காகிவிடும். 20 யூனிட் போடுவதாக நினைத்து 50 யூனிட் போட்டிருப்பீர்கள். ஆள் சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவார். 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். மூடியின் நிறத்தையும் குப்பியில் உள்ள எண்ணையும் இருவர் பார்த்துச் சொன்ன பிறகே ஊசி. கிளினிக் நடத்துபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: இருப்பில் இருக்கும் குப்பிக்குப் பொருந்தும் சிரிஞ்சுகளையும் கூடவே கட்டி வையுங்கள்.

கேள்வி: 'பி' டைப் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று இருக்கிறது. எத்தனை மணி நேரம் வரும்? – மருத்துவர், நாகப்பட்டினம்

நிரம்பியிருக்கும்போது 1500 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் 5 மணி நேரம், 2 லிட்டர் என்றால் பன்னிரண்டரை. அளவுமானி 150-ஐக் காட்டினால் முழுசு, 75 என்றால் பாதி. அந்த விகிதத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரைக்கு இது போதும், வீட்டில் ஆக்சிஜனிலேயே இருப்பவருக்குப் போதாது.

பெரும்பாலும் சிலிண்டர் காலியானதால் சிக்கல் வருவதில்லை. சாவியைக் காணோம், வாஷர் தேய்ந்து ஆக்சிஜன் கசிகிறது, இவைதான் காரணம். சாவியைச் சங்கிலியால் சிலிண்டரிலேயே கட்டுங்கள். வாஷர் இரண்டு கூடுதலாக வையுங்கள். வால்வு இறுகிவிட்டது என்று எண்ணெயோ கிரீஸோ தொடவே கூடாது, தீப்பிடிக்கும்.

கேள்வி: வெள்ளத்தில் பத்து வருட கேஸ் ஷீட்டுகள் நனைந்துவிட்டன. வெயிலில் காயப்போட்டோம், எல்லாம் ஒட்டிக்கொண்டு பூஞ்சை பிடித்துவிட்டது. வேறு என்ன செய்திருக்கலாம்? – மருத்துவர், ஏரல் பக்கம்

நனைந்த தாளில் இரண்டு நாளில் பூஞ்சை தொடங்கும். அந்த இரண்டு நாளில் எல்லாவற்றையும் காயவைக்க முடியாது என்பதுதான் நடைமுறை. ஆகவே தரம் பிரிக்க வேண்டும். மேலே சொன்ன இருபது, முப்பது பேரின் தாள்களை முதலில் எடுத்து, ஃபேன் காற்றில், பத்துத் தாளுக்கு ஒரு செய்தித்தாள் வீதம் இடையில் செருகி, செய்தித்தாளை மட்டும் மாற்றிக்கொண்டே இருங்கள். ஒட்டிய தாள்களை ஈரத்தில் இழுத்துப் பிரித்தால் கிழியும். மீதிக் கட்டுகளைச் சேற்றை அலசி, பிளாஸ்டிக் பையில் கட்டி, கரண்ட் உள்ள இடத்தில் டீப் ஃப்ரீசரில் வைத்துவிட்டால் பூஞ்சை நிற்கும். பிறகு ஒவ்வொரு கட்டாக எடுத்துக் காயவைக்கலாம். ஐஸ்கிரீம் கடை ஃப்ரீசர்கூடப் போதும், உணவுப் பொருள் எதுவும் அதில் இல்லாவிட்டால். சுள்ளென்ற வெயிலில் போட்டால் மேல்தாள் சுருண்டு உள்தாள் புழுங்கும். ஜெல் பேனா மையும் பரவும். பால்பாயிண்ட் பேனா எழுத்து தப்பும். இனி பால்பாயிண்டிலேயே எழுதுங்கள்.

ஈசிஜி பட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவை வெப்பத்தில் கருக்கும் தெர்மல் தாள். வெயிலில் காயவைத்தாலோ அயர்ன் பாக்ஸ் வைத்தாலோ கறுப்பாகிவிடும், சும்மா வைத்திருந்தாலும் சில வருடத்தில் வெளுத்துவிடும். மாரடைப்பு வந்தவரின் பழைய ஈசிஜி அடுத்த நெஞ்சுவலியில் ஒப்பிட வேண்டிய பொக்கிஷம். எடுத்த அன்றே போட்டோ பிடித்து வைத்துவிட வேண்டும், நோயாளிக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும்.

கம்ப்யூட்டரில் பதிவு வைத்திருப்பவர்கள் மூன்று பிரதி வையுங்கள்: கிளினிக்கில் ஒன்று, பாஸ்வேர்டு போட்ட வெளி ஹார்டு டிஸ்க்கில் மருத்துவர் வீட்டு மாடியில் ஒன்று, இணையத்தில் ஒன்று. கிளினிக்கும் வீடும் ஒரே தெருவில் இருந்தால் இரண்டாவது பிரதி பிரதியே இல்லை. பேக்கப் எடுத்ததோடு நிறுத்தாமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, ஏதாவது ஒரு நோயாளியின் பதிவைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: சாலை துண்டிக்கப்பட்ட நாட்களில் போனிலேயே மருந்து சொல்லலாமா? சட்டப்படி சரியா? – மருத்துவர், தூத்துக்குடி

சரி. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் பதிவுபெற்ற மருத்துவர்களுக்கு இதை அனுமதிக்கின்றன. பாராசிட்டமால், ஓஆர்எஸ் போன்றவற்றை எந்த வழியிலும் சொல்லலாம். முதல்முறை பார்ப்பவருக்குப் பிற மருந்துகள் என்றால் வீடியோ வேண்டும். ஏற்கெனவே உங்களிடம் பார்ப்பவருக்கு அதே நோய்க்கு அதே மருந்தைத் தொடர்ந்து எழுதலாம். போதை மருந்துச் சட்டத்தில் வருபவையும் ஷெட்யூல் எக்ஸ் (கடும் கட்டுப்பாட்டில் விற்கப்படும்) மருந்துகளும் தொலைவழியில் கூடவே கூடாது. அவற்றைச் சாப்பிடுபவர்களைப் புயலுக்கு முன்பே நேரில் வரவழைத்துவிட வேண்டும் என்பது இதன் பொருள். சீட்டில் உங்கள் பதிவு எண் இருக்க வேண்டும். நேரம், போன் எண், என்ன சொன்னீர்கள் என்பதை நோட்டில் எழுதுங்கள்.

நேரத்தைக் குறுக்கி வையுங்கள். காலை 10 முதல் 11, மாலை 4 முதல் 5 மட்டும் போன் ஆன் என்று முன்பே கிளினிக் வாசலில் எழுதினால் உங்கள் சார்ஜும் மிஞ்சும், நோயாளிகளின் சார்ஜும் மிஞ்சும். சிக்னல் பலவீனமாக இருக்கும்போது அழைப்பு போகாவிட்டாலும் சாதாரண எஸ்எம்எஸ் போய்ச் சேர்வதுண்டு. உங்களால் முடியாத அவசரத்துக்கு 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

கேள்வி: தண்ணீர் வடிந்துவிட்டது. கிளினிக்கைத் திறக்கும் முன் எதை முதலில் செய்ய வேண்டும்? – கம்பவுண்டர், தாம்பரம்

மெயின் சுவிட்சைத் தொடாதீர்கள். தண்ணீரில் மூழ்கிய சாக்கெட்டும் எம்சிபியும் (தானாக அணையும் சுவிட்ச்) காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே சேறு இருக்கும், மாற்றத்தான் வேண்டும். எலக்ட்ரீஷியன் மெக்கர் என்ற கருவியை வைத்து வயரின் இன்சுலேஷன் பார்த்த பிறகே கரண்ட். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் இப்போதே போட்டுவிடுங்கள். ஃபிரிட்ஜை அதன் பிறகும் உடனே போட வேண்டாம், மின்னழுத்தம் நிலைப்படட்டும்.

சேற்றை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அழுக்கின் மேல் பிளீச்சிங் போட்டால் அழுக்கே அதைத் தின்றுவிடும், கிருமி சாகாது. கழுவிய பிறகு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்தால் ஒரு சதவீதக் கரைசல். அரை மணி தரையில் நிற்கட்டும். பவுடர் புதிதாக இருக்க வேண்டும். பிரித்து வைத்த பாக்கெட் ஈரம் இழுத்து வீரியம் போயிருக்கும், வாசனை குறைந்திருப்பதே அடையாளம். டாய்லெட் கழுவும் ஆசிட்டோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். கழிவறையில் குனிந்து வேலை செய்பவர்தான் அதை முதலில் சுவாசிப்பார். சம்ப்பைக் காலி செய்து தேய்த்துக் கழுவி நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 கிராம் போட்டு ஓர் இரவு விட்டு, அதை வெளியேற்றிவிட்டு மறுபடி நிரப்புங்கள். அதன்பின் வழக்கமான 1000 லிட்டருக்கு 2.5 கிராம்.

வெள்ளத் தண்ணீர் பட்ட மாத்திரை அட்டை எதுவாக இருந்தாலும் கொடுக்கக் கூடாது, அட்டை முழுசாகத் தெரிந்தாலும். எறியும் முன் பேட்ச் எண் தெரியும்படி போட்டோவும் பட்டியலும் எடுங்கள், இன்ஷூரன்ஸ் அதைக் கேட்கும். பிறகு மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போடுங்கள். ஈரம் பட்ட ஸ்டெரைல் பேக் எல்லாம் மறுபடி ஆட்டோகிளேவ் செய்ய வேண்டும்.

திறந்த முதல் வாரத்தில் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் பாம்புக்கடியும் வரும். ஓஆர்எஸ் கொடுக்கும்போது பாக்கெட்டைக் காட்டிச் சொல்லுங்கள்: பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரியதை ஒரு டம்ளரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்தால் உப்பு ஏறி நிலைமை மோசமாகும். பாம்புக்கடிக்கு ரத்த ஓட்டத்தை நிறுத்தும்படி இறுக்கிக் கட்டு போட வேண்டாம், கீற வேண்டாம்; கையையோ காலையோ அசையாமல் பலகை வைத்துக் கட்டி அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

கேள்வி: மருத்துவக் கழிவு வண்டி மூன்று நாளாக வரவில்லை. என்ன செய்வது? – நர்ஸ், சிதம்பரம்

2016 விதிகளின்படி 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வைக்க வேண்டி வந்தால் காரணத்தோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மின்னஞ்சல் அனுப்பி நகல் வையுங்கள். அதுவரை பைகளை இறுக்கிக் கட்டி, மூடியுள்ள தொட்டியில், தண்ணீர் எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். ஊசிகள் துளை விழாத வெள்ளைப் பெட்டியில், முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாமல். மஞ்சள் பையில் பிளீச்சிங் தெளிக்காதீர்கள், எரிக்கும்போது நச்சுப் புகை வரும். எந்தச் சூழ்நிலையிலும் மாநகராட்சிக் குப்பையில் போட வேண்டாம். வெள்ளத்தில் அது மிதந்து குழந்தைகள் நடக்கும் தெருவுக்குத்தான் வரும்.

கேள்வி: டாக்டரே படுத்துவிட்டால்? – வேளச்சேரி மருத்துவரின் இரண்டாவது கேள்வி

மூன்று, நான்கு கிலோமீட்டருக்குள், ஆனால் உங்கள் தாழ்வான பகுதியில் இல்லாத ஒரு மருத்துவரோடு பேசி வையுங்கள். நீங்கள் இல்லாவிட்டால் அவர், அவர் இல்லாவிட்டால் நீங்கள். ஓர் உறையில் நோயாளிப் பட்டியலின் நகல், ஷட்டர் சாவி, கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய எண், மருந்து மொத்த விற்பனையாளரின் போன் எண் எல்லாம் வைத்து முத்திரையிட்டு அவரிடம் கொடுங்கள். நர்ஸிடமும் கம்பவுண்டரிடமும் அந்த மருத்துவரின் பெயரை இப்போதே சொல்லிவிடுங்கள். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம் அவரை வரவழைத்து, நீங்கள் வாய் திறக்காமல், அந்த உறையை மட்டும் வைத்து ஐந்து நோயாளிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். எதைத் தேடி அவர் நர்ஸிடம் கேட்கிறாரோ, அதை அன்று மாலையே எழுதி உறைக்குள் சேருங்கள்.